தமிழில் மறுமை வழக்குகள்: அகராதியும் மொழிபெயர்ப்பும் – ஒரு திறனாய்வு

0. முன்னுரை

இறப்பைக் குறிக்கும் வழக்குகள் தமிழில் மிகுதி. இறந்தார், காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், சிவலோகப் பதவி அடைந்தார், பரமபதித்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மவுத்தானார், வஃபாத்தானார் என இப்பட்டியல் நீளும். அகராதிகள் பொதுவாக இவற்றை 'இற' என்னும் ஒரே வினையின் வேறு வடிவங்களாகக் கொண்டு விளக்குகின்றன. மொழிபெயர்ப்பாளர்களும் இவற்றை ஒன்றற்கு ஒன்று மாற்றாக வழங்கக்கூடிய மரியாதைச் சொற்களாகவே பெரும்பாலும் கையாளுகின்றனர்.

இந்நிலை மறு ஆய்வுக்கு உரியது. மேற்கண்ட வழக்குகளுள் சில இறப்பை மட்டும் அறிவிப்பவை. சில, இறந்தவர் எங்குச் சென்றார் என்பதையும் சேர்த்து அறிவிப்பவை. இரண்டாம் வகையை முதல் வகையாகக் கொண்டால் ஒரு சமயக் கொள்கை மறைந்துபோகும். முதல் வகையை இரண்டாம் வகையாகக் கொண்டால், இறந்தவர் கொண்டிராத ஒரு நம்பிக்கை அவர்மீது ஏற்றப்படும். அவர் எழுந்து வந்து அதனைத் திருத்த இயலாது என்பதால் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்கு மிகுகிறது.

இச்சிக்கலை ஆராய ஏற்ற களமாக மும்பையின் மாஹிம் பகுதியைக் கொள்ளலாம். மக்தூம் அலி மாஹிமியின் தர்கா, புனித மிக்கேல் ஆலயம், கிழக்கே திருநெல்வேலித் தமிழர் பலர் குடியேறிய தாராவி, தெற்கே தாதர் கடற்கரையில் அம்பேத்கரின் உடல் எரியூட்டப்பட்ட இடத்தில் அமைந்த சைத்தியபூமி ஆகியன அருகருகே உள்ளன. மாஹிம், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் தமிழர் இம்மரபுகளின் சொற்களை அன்றாடம் கேட்டும் வழங்கியும் வருகின்றனர். தமிழோடு மராத்தி, இந்தி, உருது ஆகியனவும் அங்கு வழங்குவதால் மறுமை பற்றிய சொற்கள் ஓயாது மொழிபெயர்க்கப்படுகின்றன.

மறுமை குறித்த நம்பிக்கை பெயர்ச்சொற்களைக் காட்டிலும் வினை முடிபுகளிலேயே தெளிவாகப் புலப்படுகிறது என்பதும், அகராதிக் கலையும் மொழிபெயர்ப்பும் பெயர்ச்சொற்களுக்கே கருத்துச் செலுத்தி வந்துள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

1. மங்கல வழக்கும் சமய வழக்கும்

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலத்திற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. கேட்போர்க்கு இன்னாததை இனிய சொல்லால் கூறுதல் என்னும் இவ்விளக்கம் 'துஞ்சினார்' என்பதற்கு முழுதும் பொருந்தும். 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்னும் சங்ககால அரசன் பெயரிலும், சுந்தர சோழனைக் குறிக்கும் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்னும் கல்வெட்டுத் தொடரிலும் இறந்த இடம் மட்டுமே சுட்டப்படுகிறது. இறந்தபின் சென்ற இடம் பற்றி அத்தொடர்களில் குறிப்பில்லை.

ஆனால் 'சிவலோகப் பதவி அடைந்தார்' என்பதையும் மங்கலம் என்றே அடக்கிவிட முடியாது. இரண்டையும் வேறுபடுத்த மூன்று சோதனைகள் உதவும்.

1.1 எதிர்மறைச் சோதனை

(1) அவர் காலமாகவில்லை.
(2) அவர் மவுத்தாகவில்லை.
(3) அவர் சிவலோகப் பதவி அடையவில்லை.
(4) அவர் கர்த்தருக்குள் நித்திரையடையவில்லை.

(1), (2) ஆகியவற்றின் பொருள் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதே. (3) அவ்வாறன்று, அவர் இறந்தார், ஆயினும் அப்பதவி கிட்டவில்லை என்னும் பொருளே முதலில் தோன்றும். (4) அவர் விசுவாசத்திற்குப் புறம்பாக இறந்தார் எனப் பொருள்படும். எதிர்மறையில் இறப்பு மறுக்கப்படுமாயின் அது மங்கல வழக்கு. சேருமிடம் மட்டும் மறுக்கப்படுமாயின் அது சமய வழக்கு.

'இயற்கை எய்தவில்லை' என்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இறக்கவில்லை என்றும், இயற்கையாக இறக்கவில்லை, விபத்திலோ பிறர் கையாலோ இறந்தார் என்றும் அதற்கு இரு பொருள் கொள்ளலாம்.

1.2 தன்மைச் சோதனை

'நான் இறந்தால்', 'நான் செத்தால்', 'நான் மவுத்தானால்' ஆகியன இயல்பானவை. 'நான் கண்ணை மூடிய பிறகு' என்பது மேலும் இயல்பானது. 'நான் காலமானால்' என்பது சற்றே செயற்கையாக ஒலிக்கும். ஒருவர் தமக்குத் தாமே மரியாதை செய்துகொள்வது போன்றது அது. 'நான் இறைவனடி சேர்ந்தால்' என்பதைக் கேட்போர் நகைச்சுவையாகவோ, தம் மறுமை உறுதி என்னும் பெருமிதமாகவோ கொள்வர். பிறர்க்கு மரியாதையாக அமைவது தன்மையில் உரிமைக்கூற்றாக மாறுவதற்குக் காரணம், அத்தொடருள் ஒரு கூற்று மறைந்திருப்பதேயாகும்.

1.3 ஏதுச் சோதனை

'விபத்தில் இறந்தார்', 'மாரடைப்பால் காலமானார்' ஆகியன வழக்கில் உள்ளவை. 'விபத்தில் பரமபதித்தார்', 'மாரடைப்பால் சிவலோகப் பதவி அடைந்தார்' ஆகியன பொருந்தா. இறப்பிற்கு நோய் ஏதுவாகலாம். வீடுபேற்றிற்கு நோய் ஏதுவாகாது. சமய வழக்கின் வினை இறப்பு நிகழ்ச்சியைக் குறிக்கவில்லை, அதன் பின்விளைவைக் குறிக்கிறது என்பதற்கு இது மற்றொரு சான்று.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) இத்துறையில் பெருஞ்சொற்றொகுதியைத் தந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992, திருத்திய பதிப்புகள் 2008, 2020) வழக்குக் குறியீடுகளையும் சொற்றொடர் எடுத்துக்காட்டுகளையும் சேர்த்து ஒரு படி முன்னேறியது. எனினும் ஒரு சொல்லை எந்தச் சமூகத்தார் வழங்குகின்றனர் என்பது வேறு. அச்சொல் எதனைக் கூறுகிறது என்பது வேறு. சமூகக் குறியீடு முதல் வினாவிற்கு மட்டுமே விடையளிக்கும். 'மவுத்தாதல்' இசுலாமியர் வழக்கு என்பது உண்மை. ஆயினும் அது 'காலமாதல்' போன்றே இறப்பை மட்டும் கூறுவது என்பதை அக்குறியீடு காட்டாது.

2. வினைகளின் நான்கு சட்டகங்கள்

மேற்கண்ட வேறுபாட்டின் காரணம் வினைகளின் அமைப்பில் உள்ளது. தமிழில் இறப்பு குறித்த வினைகளை நான்கு சட்டகங்களில் அடக்கலாம்.

(அ) செலவுச் சட்டகம்: போ, சேர், அடை, எய்து. இவற்றிற்குச் செல்வோர் ஒருவரும் சேருமிடம் ஒன்றும் தேவை. 'இற' என்பதும் தொடக்கத்தில் கடத்தல் பொருளதே. 'இறந்த காலம்' என்னும் இலக்கணக் கலைச்சொல்லில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. இன்றைய வழக்கில் 'இற' தன் செலவுப் பொருளை இழந்துவிட்டது.

(ஆ) ஆதற் சட்டகம்: காலமாதல், மவுத்தாதல். இவற்றில் நிலைமாற்றம் உண்டு, பயணம் இல்லை.

(இ) நிற்றற் சட்டகம்: மூச்சு நின்றது, கண்ணை மூடினார். உடலின் ஒரு செயல் முடிவதை மட்டும் இவை கூறும்.

(ஈ) உறக்க, மறைவுச் சட்டகம்: துஞ்சினார், நித்திரையடைந்தார், மறைந்தார். உறங்கியவர் எழலாம், மறைந்தது மீண்டும் தோன்றலாம். மீட்சிக்கு இடமளிக்கும் இச்சட்டகம் அம்மீட்சியைக் கூற்றாகச் சொல்வதில்லை.

பகுத்தறிவு இயக்கத்தாரின் வழக்குகளை இப்பகுப்பின் வழி நோக்குதல் பயன்தரும். 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் வழிவந்தோர் சிவலோகம், வைகுண்டம் ஆகியவற்றை நீக்கி 'இயற்கை எய்தினார்', 'மறைந்தார்' என்பவற்றை வழங்கினர். கருமாதிக்கு மாற்றாகப் படத்திறப்பையும் நினைவேந்தலையும் அமைத்தனர். 'இயற்கை எய்தினார்' என்பதில் சேருமிடம் மாறியதே தவிர, செலவுச் சட்டகம் மாறவில்லை. இயற்கையைச் சென்று அடைபவர் ஒருவர் அத்தொடரில் இன்னும் இருக்கிறார். மறுமையை மறுக்கும் நோக்கிற்கு ஆதற் சட்டகத்துக் 'காலமானார்' கூடுதலாகப் பொருந்துவது. எனினும் மறுப்பை வெளிப்படையாக உணர்த்த, மறுக்கப்படும் தொடரின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. 'சிவபதம் எய்தினார்' என்பதைக் கேட்டுப் பழகியவர்க்கே 'இயற்கை எய்தினார்' என்பதன் கூர்மை புலப்படும். இத்தொடரை வேற்றுமொழியில் வெறும் 'இறந்தார்' எனப் பெயர்ப்பவர் ஓர் இயக்கத்தின் எதிர்க்குரலை அழித்துவிடுகிறார்.

3. மாஹிம்: நான்கு மரபுகளின் சொற்கள்

3.1 தர்கா: மறுமையும் உர்ஸும்

மாஹிமில் அடக்கமாகியுள்ள மக்தூம் அலி மாஹிமி (1372–1431) இப்னு அரபியின் சிந்தனை வழிவந்த அறிஞர். அரபு மொழியில் திருக்குர்ஆனுக்கு விளக்கவுரை கண்டவர். அவர் பெயரால் ஆண்டுதோறும் நிகழும் சந்தன விழாவில் மாஹிம் காவல் நிலையத்தார் சந்தனம் எடுத்துச் செல்லும் வழக்கம் புகழ்பெற்றது.

இறைநேசர்களின் நினைவுநாள் 'உர்ஸ்' எனப்படும். இவ்வரபுச் சொல்லின் நேர்ப்பொருள் திருமணம். இறைநேசரின் இறப்பு, இறைவனோடு கூடிய மணநாளாகக் கொண்டாடப்படுகிறது. தமிழகத்தில் இதற்கு வழங்கும் 'கந்தூரி' பாரசீகத்தில் உணவு விரிப்பைக் குறித்த சொல். அது விருந்தை முதன்மைப்படுத்துகிறது. 'சந்தனக்கூடு' ஊர்வலத்தை முதன்மைப்படுத்துகிறது. 'நினைவுநாள்' என்னும் பொதுத்தமிழ்ச் சொல்லோ இருப்போரின் நினைவை மட்டும் கூறுகிறது. மூன்றும் சரியான சொற்களே. ஆனால் மூன்றிலும் மணம் இல்லை. உர்ஸை 'நினைவுநாள்' எனப் பெயர்க்கும்போது துயரநாள் என்னும் தொனி வந்து சேர்கிறது. ஒலிபெயர்ப்போடு ஒரு முறை நேர்ப்பொருளையும் தருவதே இங்குத் தக்கது.

'ஆகிறத்' என்னும் அரபுச் சொல்லுக்குத் திருக்குர்ஆன் தமிழாக்கங்களில் 'மறுமை' நிலைபெற்றுள்ளது. இது குறளிலும் பயிலும் பழஞ்சொல். குறளில் 'மறுமை'யோடு 'எழுமை'யும் பயில்கிறது. பிறவிகள் பல என்னும் கருத்து அம்மரபில் உண்டு. இசுலாமியக் கொள்கையில் மறுமை ஒன்றே. மீண்டும் இவ்வுலகப் பிறவி இல்லை. ஒரே சொல் இரு கொள்கைகளையும் தாங்குவது எவ்வாறு என்பதற்கு 'மறு' என்னும் அடையின் இருபொருளே விடை. 'மறுபடி' என்பதில் அது மீளல் பொருளது. 'மறுகரை', 'மறுநாள்' என்பவற்றில் பிறிது, அடுத்தது என்னும் பொருளது. பிறவிச்சுழலை ஏற்போர்க்கு மறுமையில் மீளல் பொருள் நிழலாடுகிறது. இசுலாமியத் தமிழர்க்கு அது மறுகரை. இத்தேர்வு தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றின் வெற்றிகளுள் ஒன்று. ஆயின் 'மறுமை'யை வேற்றுமொழிக்குக் கொண்டு செல்பவர், மூலநூல் எம்மரபைச் சார்ந்தது என்று நோக்காமல் ஒரே சொல்லால் பெயர்த்தல் கூடாது.

'சன்னத்' என்பதன் நேர்ப்பொருள் தோட்டம். தமிழில் அது சுவர்க்கம், சுவனம், சுவனபதி எனவே வழங்குகிறது. அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கம் 'சுவனபதி'யைப் பரவலாக்கிற்று. தேவருலகைக் குறித்த வடசொல் புதிய உருவில் இசுலாமியத் தமிழ்ச்சொல்லாயிற்று. தோட்டம் என்னும் படிமம் பின்தள்ளப்பட்டு, மேலுலகம் என்னும் படிமம் முன்வந்தது.

3.2 ஆலயம்: மோட்சமும் நித்திரையும்

மாஹிம் புனித மிக்கேல் ஆலயம் போர்த்துக்கீசியர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் தோன்றியது. தமிழகத்திலும் அதே நூற்றாண்டில்தான் கத்தோலிக்கத் தமிழ் உருவாகத் தொடங்கியது. சாவு, நடுத்தீர்வை, மோட்சம், நரகம் என்னும் நான்கும் கத்தோலிக்கத் தமிழர் மனத்தில் பதிந்த சொற்கள். 'மோட்சம்' தத்துவநூல்களில் விடுதலையைக் குறிப்பது; கத்தோலிக்கத் தமிழில் இறைவனும் புனிதரும் உறையும் இடத்தைக் குறிப்பது. 'மோட்சத்தில் இருக்கிறார்' என இடவேற்றுமை ஏற்பது இம்மாற்றத்தைக் காட்டும். இந்துக்களின் பேச்சுவழக்கிலும் 'மோட்சத்துக்குப் போவாய்' என அது இடப்பெயராகவே வழங்குவதால் மிசனரியார் சொல்லைத் திரித்துவிட்டனர் என்பது பொருந்தாது. அவர்கள் நூல்வழக்கை விட்டு மக்கள் வழக்கைக் கைக்கொண்டனர் என்பதே பொருத்தம். மோட்சத்திற்கும் நரகத்திற்கும் இடையே 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்னும் தூய்மை பெறும் நிலை உண்டு. துன்புற்று ஈடுசெய்தல் என்னும் பொருளுடைய இச்சொல், நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் இறந்தோர்க்காகச் செய்யப்படும் வேண்டுதலின் அடிப்படை. அந்நாளை 'நினைவுநாள்' எனப் பெயர்த்தால் வேண்டுதலின் பயன் புலப்படாது.

விவிலியத் தமிழாக்கங்களில் பாராட்டத்தக்க ஒரு கூறு எபிரேய 'சியோல்' என்பதன் பெயர்ப்பு. ஆங்கில மன்னர் யாக்கோபு பதிப்பு (1611) இதனை இடத்திற்கேற்ப நரகம், கல்லறை, குழி எனப் பொருள்படும் வெவ்வேறு சொற்களால் பெயர்த்தது; அதனால் நல்லோரும் தீயோரும் ஒருங்கே செல்லும் கீழிடம் என்னும் கருத்துச் சிதைந்தது. ஹென்றி பவர் முதன்மையாகப் பங்குகொண்ட 1871ஆம் ஆண்டுத் தமிழாக்கம் பெரும்பாலும் 'பாதாளம்' என்றே பெயர்த்து, கிரேக்க மூலத்தின் 'கெகன்னா'வுக்கு 'நரகம்' என்பதை ஒதுக்கிற்று. புராணங்களில் பாதாளம் நாகர் முதலியோர் வாழும் கீழுலகம். இறந்தோர் சேருமிடம் அன்று. தண்டனைப் பொருளும் அதற்கில்லை. தண்டனைப் பொருள் படியாத சொல்லாக இருந்தமையே அதன் தகுதியாயிற்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பரலோகத்தை 'விண்ணகம்' எனவும், நித்திய ஜீவனை 'நிலைவாழ்வு' எனவும் தமிழ்ப்படுத்தியது.

உறக்கச் சட்டகம் இங்கு மற்றொரு சிக்கலைத் தருகிறது. யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் இலாசரின் இறப்பை இயேசு உறக்கம் எனக் கூற, சீடர்கள் அதனை உண்மை உறக்கமாகக் கொள்கின்றனர். பின்னர் அவர் வெளிப்படையாக இறப்பைச் சொல்கிறார். இவ்வுரையாடலைப் பெயர்க்க இருபொருளையும் தாங்கும் சொல் வேண்டும். 'நித்திரையடை' என்பது கிறித்தவத் தமிழில் இவ்விருபொருளையும் தாங்குகிறது. 'தூங்கு' என்னும் அன்றாடச் சொல் தெளிவானது. ஆயின் இறப்பின் நிழல் அதில் விழாது. 'துஞ்சு' இருபொருளையும் தாங்கும். அது இன்று பேச்சில் இல்லை.

'துஞ்சினார்', 'நித்திரையடைந்தார்' ஆகிய இரண்டும் ஒரே படிமத்தைக் கொண்டவை. ஆயினும் முன்னதில் உறங்கியவர் எழுவார் என்னும் எதிர்பார்ப்பு இல்லை. பின்னதில் அவ்வெதிர்பார்ப்பே கருப்பொருள். 'உயிர்த்தெழு' என்னும் கலைச்சொல்லின் 'எழு' அதனோடு இயைகிறது. 'நித்திரையடைந்தார்' என்பதை அயல்மொழியில் வெறும் மங்கல வழக்காகப் பெயர்த்தால் இவ்வியைபு அறுந்துவிடும்.

3.3 சைத்தியபூமி: 'எது', 'யார்'

1956 திசம்பர் 6ஆம் நாள் தில்லியில் மறைந்த அம்பேத்கரின் உடல் மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாள் 'மகாபரிநிர்வாண நாள்' எனக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் அவரது நூல், பெரியார்தாசனால் தமிழாக்கப்பட்டது. சொல் ஒற்றுமை எவ்வாறு கொள்கை வேற்றுமையை மறைக்கிறது என்பதை ஆராய அந்நூல் ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளது. மறுபிறப்பு என்னும் சொல் பிராமண மதத்திலும் பௌத்தத்திலும் வழங்கினும், முன்னது ஆன்மாவை ஏற்க, பின்னது ஏற்பதில்லை என்பது அங்கு விளக்கப்படுகிறது. அதற்காக அம்பேத்கர் வினாவை இரண்டாகப் பிரிக்கிறார்: மீண்டும் பிறப்பது எது? மீண்டும் பிறப்பவர் யார்? உடலின் பூதக்கூறுகள் இயற்கையில் உள்ள தத்தம் தொகுதியில் கலந்து மீண்டும் உருக்கொள்ளும் என்பது முதல் வினாவின் விடை. அதே ஆள் மீண்டும் பிறக்கிறார் என்பது அவ்விடையிலிருந்து தானே பெறப்படாது.

ஆங்கிலத்தில் இரு வினாச்சொற்களால் ஆசிரியர் செய்துகாட்டிய இப்பிரிவினைத் தமிழ் இலக்கணத்தில் திணை வேறுபாடாகவே அமைந்துள்ளது. 'எது பிறக்கிறது', 'யார் பிறக்கிறார்' என வினாவோடு வினைமுற்றும் மாறும். தமிழாக்குநர் இவ்வாய்ப்பை முழுதும் பயன்கொள்ளலாம். ஆனால் 'மறுபிறப்பு' என்னும் தொழிற்பெயர் திணையை மறைத்துவிடுகிறது. பிறந்தவர் எவரோ அவரே மீண்டும் பிறக்கிறார் என்னும் எண்ணம் அதனுள் நுழைந்துவிடுகிறது. பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலை பிறப்பைக் குறிக்கத் 'தோற்றம்' என்னும் சொல்லையும் ஆண்டுள்ளது. சார்புகளின் தொடர்ச்சியில் ஒன்று தோன்றுகிறது. அங்கு 'அவரே' என்பதற்கு இடமில்லை. ஆன்மாவற்ற மறுபிறப்பைக் கூற இன்றைய தமிழில் சொல் இல்லை என்போர் இப்பழஞ்சொல்லை நோக்க வேண்டும்.

3.4 பெயர் முன்னடைகளும் காக்கையும்

மராத்தியில் இறந்தவர் பெயர்க்கு முன் 'கைலாஸவாசி' என்பதன் சுருக்கமாகக் 'கை.' என எழுதுவர். கைலாயத்தில் வாழ்பவர் என்பது நேர்ப்பொருளாயினும் மராத்தியில் அது தேய்ந்து, சைவச் சார்பின்றிப் பொதுவாக வழங்குகிறது. தமிழில் 'சிவலோகப் பதவி' அவ்வாறு தேயவில்லை. எனவே 'கை.' என்பதைத் தமிழில் 'காலஞ்சென்ற' அல்லது 'அமரர்' எனப் பெயர்த்தலே தகும். கைலாயத்தைக் கொண்டுவருதல் மிகை. எதிர்த்திசையில், வைணவர் ஒருவரின் 'பரமபதித்தார்' என்பதைக் 'கை.' எனச் சுருக்கினால் அவரது சமய அடையாளம் அழியும். மராத்தியப் பௌத்தர் 'கைலாஸவாசி'யை விலக்கிக் 'காலகதித்' என எழுதுவது, தமிழகத்து 'இயற்கை எய்தினார்' போன்றதொரு மறுப்பு வழக்கு. தேய்ந்த சொல்லும் சிலர் காதில் தேயாமல் ஒலிக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

காக்கைக்கு உணவிடல் இரு சமூகத்திலும் உண்டு. மராத்தியரிடையே பத்தாம் நாள் பிண்டத்தைக் காக்கை தீண்டுதல் இறந்தவரின் மனநிறைவுக்கு அடையாளம். தீண்டாவிடில் நிறைவேறா விருப்பம் ஒன்று எஞ்சியதாகக் கருதுவர். தமிழரிடையே காக்கை பெரும்பாலும் இறந்தவரின் வருகையே. செயல் ஒன்று; அதனைக் கூறும் வினைகள் வேறு. அங்குத் 'தீண்டியது', இங்கு 'வந்தார்'. இவ்வினைமுற்றே அடுத்த பகுதியின் பொருள்.

4. தனிமனித நம்பிக்கையின் இலக்கணம்

இதுவரை கண்டவை பெரும்பாலும் எழுத்துவழக்கும் சமயவழக்கும் ஆகும். அஞ்சலிச் சுவரொட்டியில் 'இறைவனடி சேர்ந்தார்' என அச்சிட்ட குடும்பத்தார் அதனை நம்பினர் என்பதற்கு அச்சொல் சான்றாகாது. அது அவ்விடத்திற்குரிய வாய்பாடு. தனிமனித நம்பிக்கையை அறியப் பேச்சுவழக்கின் இலக்கணத்தை நோக்க வேண்டும். மூன்று கூறுகள் சிறப்பாகச் சுட்டத்தக்கன.

4.1 சேருமிடம் தொக்கு நிற்றல்

பேச்சில் மிகப் பரவலான தொடர் 'போய்ச் சேர்ந்துட்டார்' என்பது. செலவுச் சட்டகத்தின் இரு வினைகளும் இதில் உள்ளன. சேருமிடம் மட்டும் சொல்லப்படுவதில்லை. 'எங்கே?' என இதற்கு எதிர்வினா எழுப்புவது உரையாடல் மரபன்று. சேர்ந்தார் என்பதில் உறுதி. எங்கு என்பதில் மௌனம். இம்மௌனம் அறியாமையன்று, இலக்கணத்தில் இடம்பெற்ற ஒரு நிலைப்பாடு. ஒருவர் எங்கோ சேர்ந்தார் என நம்பவும், அவ்விடம் பற்றிக் கொள்கை ஏதும் கொள்ளாதிருக்கவும் இத்தொடர் இடமளிக்கிறது.

இந்தியின் 'சல் பசே' (சென்று குடியேறினார்) இதற்கு மிக நெருங்கியது. அங்கும் குடியேறிய இடம் தொக்கு நிற்கும். மராத்தியின் 'கேலே' (போனார்) செலவை மட்டும் கூறும். 'தேவாகரீ கேலே' (இறைவன் இல்லம் போனார்) சேருமிடத்தை வெளிப்படுத்திவிடும். 'போய்ச் சேர்ந்தார்' என்பதற்கு முன்னது குறை, பின்னது மிகை. ஆயினும் குறையே மேல். சொல்லாததைச் சொன்னதாக ஆக்குவதைவிடச் சொன்னதில் ஒரு பகுதியை விடுதல் சிறிய பிழை.

4.2 திணை முடிபு

காலம், உலகம், உயிர், உடம்பு முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளைச் சார்ந்து வரினும் உயர்திணைப் பால் காட்டா எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும். இன்றும் 'உயிர் போயிற்று', 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்றே கூறுகிறோம். எனவே இறந்தபின் எஞ்சுவதை 'உயிர்' என்னும் சொல்லால் கூறினால் அது அஃறிணையாகிறது. பெயராலோ முறைப்பெயராலோ கூறினால் உயர்திணையாகவே நிற்கிறது.

(5) காக்கா வந்து எடுத்துச்சு.
(6) அப்பா வந்து எடுத்தார்.

ஒரே நிகழ்ச்சியை ஒரே குடும்பத்தில் இருவர் இவ்வாறு கூறக்கூடும். (5)ஐக் கூறுபவர் சடங்கைச் செய்தவர். (6)ஐக் கூறுபவர் தந்தையைக் கண்டவர். 'மறுமையை நம்புகிறீரா?' என நேரே வினவினால் இருவரும் ஒரே விடை தரலாம், 'யார் கண்டது?' எனவும் சொல்லலாம். அவர்களுடைய வினைமுற்றுகள் வேறுபடுகின்றன. நம்பிக்கை பற்றிய ஆய்வில் வினாநிரலின் 'ஆம்', 'இல்லை' என்பவற்றைவிட '-ஆர்', '-உச்சு' என்னும் விகுதிகள் சான்றாகும் தகுதி மிக்கவை.

இறுதிச் சடங்கு நாளின் பேச்சிலும் இது புலப்படும். 'எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?' என்னும் வினாவில் செயப்படுபொருள் தொக்கு நிற்கிறது. 'அவரை' என்றால் அவர் இன்னும் ஆள். 'உடலை' என்றால் அவர் நீங்கிவிட்டார். இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் கட்டாயத்திலிருந்து தொகை பேசுவோரைக் காக்கிறது. செயப்படுபொருளை வெளிப்படுத்தியே தீரவேண்டிய மொழிக்கு இதனைப் பெயர்ப்பவர் மூலத்தில் இல்லாத ஒரு முடிவை எடுக்க நேர்கிறது. அங்குச் செயப்பாட்டுவினையோ 'எப்போது புறப்பாடு' என்பது போன்ற பெயர்த்தொடரோ துணைசெய்யும்.

4.3 '-ஆம்' ஏறலும் ஏறாமையும்

(7) மேலே போனா கணக்குக் கேப்பாங்களாம்.
(8) அமாவாசைக்கு வைக்கலேன்னா அம்மா மனசு கஷ்டப்படும்.

(7)இல் கேள்விப்பட்டதை உணர்த்தும் '-ஆம்' உள்ளது, (8)இல் இல்லை. சொர்க்கம், நரகம், விசாரணை ஆகியவற்றைப் பற்றிய கூற்றுகள் பேச்சில் '-ஆம்', 'என்பார்கள்', 'சொல்வாங்க' ஆகியவற்றை எளிதில் ஏற்கின்றன. இறந்த தாய் தந்தையரின் பசி, மனக்குறை, வருகை பற்றிய கூற்றுகள் இவற்றை ஏற்கத் தயங்குகின்றன. முன்னது கேட்டறிந்த உலகம். பின்னது பேசுவோர் தாமே அறிந்த உறவு. 'அம்மா மனசு கஷ்டப்படுமாம்' என்றால் அது பிறர் தாயைப் பற்றிய கூற்றாகவோ, சடங்கைச் சற்றே விலகி நின்று நோக்குபவர் கூற்றாகவோ மாறிவிடும்.

இதனால் பெறப்படுவது, மறுமை நம்பிக்கை ஒரே தன்மையதன்று என்பது. இடம் பற்றிய நம்பிக்கை கடன்பெற்றது. ஆள் பற்றிய நம்பிக்கை சொந்தமானது. கதை, நேர்காணல், வாய்மொழி வரலாறு ஆகியவற்றைப் பெயர்ப்போர் '-ஆம்' என்பதைச் சுவையூட்டும் அசையாகக் கருதி விட்டுவிடுவர். அவ்வாறு விடும்போது கேள்வி நிலையில் உள்ளது அறிக்கையாகிவிடுகிறது; பேசியவர் கொள்கையாளராகிவிடுகிறார்.

5. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளைப் பெறலாம்.

(1) இறப்பு வழக்குகள் அனைத்தையும் மங்கலம் என அடக்குதல் பொருந்தாது. எதிர்மறை, தன்மை, ஏது ஆகிய சோதனைகளால் மங்கல வழக்கையும் சமய வழக்கையும் வேறுபடுத்தலாம். அகராதிகள் சமூகக் குறியீட்டோடு இவ்வேறுபாட்டையும் குறித்தல் வேண்டும்.

(2) ஒரே படிமமோ ஒரே சொல்லோ மரபுதோறும் வேறு பொருள் தரும். துஞ்சுதலும் நித்திரையும், மறுமையின் 'மறு'வும், மோட்சமும் இதற்குச் சான்று. சொல்லுக்குச் சொல் என்னும் நிகரனைவிட மரபுக்கு மரபு என்னும் நிகரனே இங்குக் கொள்ளத்தக்கது.

(3) அயல்மொழியில் தேய்ந்த வழக்கைத் தமிழில் தேயாத சொல்லாலும், தமிழில் தேயாததை அயல்மொழியின் தேய்ந்த சொல்லாலும் பெயர்த்தல் தவிர்க்கத்தக்கது.

(4) தனிமனித நம்பிக்கை சேருமிடப் பெயரில் இல்லை. தொகை, திணை முடிபு, '-ஆம்' ஆகியவற்றில் உள்ளது. மொழிபெயர்ப்பில் முதலில் இழக்கப்படுபவை இவையே.

இறந்தோர் குறித்த ஆவணங்கள், அஞ்சலிகள், வாய்மொழிப் பதிவுகள் ஆகியவற்றைப் பெயர்ப்பவர் மூலத்தில் 'போய்ச் சேர்ந்தார்' என்றிருக்குமாயின் சேருமிடத்தைத் தாம் எழுதிச் சேர்த்தல் கூடாது. பேசியவர் அதனை அறிந்தே விட்டிருக்கிறார்.